வாசிகசாலைச் சுவரில் இருக்கும் பூதம் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு முறைப்பாடு வெளிவந்திருந்தது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் எங்கள் குளத்துக் குடியேற்றக் கிராமத்தின் சனசமூக நிலைய வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கூடிப் 'பேய் விளையாட்டு' விளையாடுகிறார்கள் என்றும், சுவரில் அருவருப்பான பூதம் ஒன்றின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்றும், வாசிகசாலையைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இதைத் தடுக்க வேண்டும் என்றும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாசிகசாலையின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பின் அதைக் கூட்டித் துடைத்துத் திறந்து பூட்டுவது என் வேலை. ஆகவே பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

பெரியவர் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறார். தீய சக்திகளை அழைக்கும் விளையாட்டு இது என்பது ஒன்று. அந்நியப் பண்பாடு என்பது இன்னொன்று. இந்த மண் இவ்வளவு உடற்சிதைவைக் கண்ட பிறகும் பிள்ளைகள் சிதைந்த உடல்களை வரைய வேண்டுமா என்ற கேள்வியை அவர் கடைசியாகக் கேட்டிருக்கிறார். முதல் இரண்டுக்கும் நான் அதிகம் எழுதப் போவதில்லை. மூன்றாவது கேள்வி என்னை இரண்டு இரவுகள் நித்திரை கொள்ள விடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கூட்டாகக் கதை சொல்வதுதான் இது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974 இல் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் முதன்முதலில் வெளியிட்ட விளையாட்டிலிருந்து இந்த வகை தொடங்கியது. ஒருவர் கதையை நடத்துவார். ஊரும் காடும் அவற்றில் திரியும் பூதங்களும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அவனோடு பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்வார்கள். சொன்னது நிறைவேறுமா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். கதை நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை எங்கள் பிள்ளைகள் இரண்டாம் வாரமே கைவிட்டு, கூத்தைப் பழக்கி நடத்துபவரைச் சொல்வது போல 'அண்ணாவியார்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

இருபது முகப் பகடை எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. இருபது புளியங்கொட்டைகளில் வெள்ளை மையால் ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, திரும்பவும் உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். போடாமல் விட்டால் இருபதில் ஒன்றாக இருந்த வாய்ப்பு அடுத்தவருக்குப் பத்தொன்பதில் ஒன்றாகிவிடும் என்பதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தியவன், கணிதப் பாடத்தில் தவணைக்குத் தவணை தோற்கும் பையன். தீய சக்தியை அழைப்பது பற்றிப் பெரியவர் எழுதியதற்கு என் பதில் இந்தப் பேணிதான். அதற்குள் புளியங்கொட்டை தவிர வேறொன்றும் இல்லை. இதே குற்றச்சாட்டு 1980களில் அமெரிக்காவிலும் பெரிதாகக் கிளம்பியது. 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசுகளின் பெயர்களையே எடுத்துவிட்டு, பின்னர் அவற்றுக்கு வாயில் நுழையாத புதுப் பெயர்களைச் சூட்டுமளவுக்குப் பதிப்பாளர்கள் பயந்துபோனார்கள்.

அந்நியம் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. விதிகளின் எலும்புக்கூட்டை உரிமையாளர்கள் 2023 சனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் பொதுவில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் எந்த மொழியிலும் பெயர்க்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழக விடுமுறையில் வந்தபோது அதில் ஐம்பது பக்கங்களை அச்சிட்டுக் கொண்டுவந்தாள். அவளுடைய தம்பிமார் தமிழில் எழுதிக்கொண்டார்கள். எழுதிய கொப்பி என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதில் எழுத்துப் பிழைகளைவிட எனக்கு உறுத்திய விடயம் வேறு. அவர்கள் தாங்களாகச் செய்த முதல் பூதத்துக்குப் புலித்தலை, தேள்வால், வௌவால் இறக்கை, முதலைத் தோல், ஆறு கை. நாலு வீட்டுக் கறியை ஒரு சட்டியில் ஊற்றிய மாதிரி. உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும் என்று சொன்னேன்.

இவ்விடத்தில் ஆங்கில மூலத்துக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற விலங்குகளில் ஒன்று ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்டது. அதன் பிறப்பு மந்திரத்தில் நிகழவில்லை. ஹொங்கொங்கில் செய்யப்பட்ட மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் சிலவற்றை வாங்கிய கைகாக்ஸ், அவற்றைப் பார்த்து உருவாக்கிய பூதங்களில் அதுவும் ஒன்று. எங்கள் வற்றாப்பளைப் பொங்கல் கடைகளில் நூல் கட்டித் தொங்கவிடுவார்களே, எந்த மிருகம் என்று வாங்கியவருக்கும் தெரியாத பொம்மைகள், அந்த மாதிரி. ஆனாலும் அது நிலைத்துவிட்டது. ஏனென்றால் விதிநூலில் அதற்கு வலிமை 20, புத்தி 3, எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளி 59 என்று இருக்கிறது. சாதாரண மனிதனுக்கு வலிமை, புத்தி போன்ற குணங்கள் பத்தை ஒட்டி இருக்கும். இரவில் விழித்திருக்கும் பறவையின் கண்ணும் காட்டு மிருகத்தின் மூர்க்கமும் ஒரே உடலில் சேர்ந்தால் எப்படி நடக்கும் என்பதை அந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. எங்கள் புலித்தலைத் தேள்வாலுக்கு எண்கள் இருந்தன; அது இன்னது செய்யும் என்ற நிச்சயம் இருக்கவில்லை.

மந்திரத்தால் உருமாறிய பூதம் என்று வந்துவிட்டால் இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. அது முன்பு யாராக இருந்தது என்பது. அந்த விதிநூலின் உருமாற்ற மந்திரங்களில் இரண்டு முக்கியமானவை. சிறியது ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெரியதை ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் பிடித்திருந்தால், எவராவது வந்து முறிக்கும் வரை வடிவம் நிலைத்துவிடும். இரண்டிலும் உடலும் புத்தியும் புதிய வடிவத்துக்குரியவை. ஆளின் இயல்பு மட்டும் பழையபடி இருக்கும். இந்த விதியைப் பிள்ளைகள் வாசித்தபோது, "ரீச்சர், அப்ப அவருக்குத் தான் ஆரெண்டு தெரியுமா?" என்று ஒரு சின்னவன் கேட்டான். எனக்கு நகுடன் நினைவுக்கு வந்தான். இந்திர பதவியில் இருந்து அகந்தை முற்றி, முனிவர்களைப் பல்லக்குத் தூக்க வைத்து, அகத்தியரின் சாபத்தால் மலைப்பாம்பாகிக் காட்டில் கிடந்தவன் அவன். வீமனைச் சுற்றி இறுக்கிய அந்தப் பாம்பைத் தருமன் வாளால் வெட்டவில்லை. அது கேட்ட கேள்விகளுக்கு விடை சொன்னான்; தம்பியும் விடுபட்டான், பாம்பும் விடுபட்டது. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் அன்றைய அண்ணாவியார் கொப்பியைப் புரட்டி, தன் பூதத்தின் புத்தி 3 என்று இருந்ததை வெட்டி 14 என்று எழுதினான். பேசத் தெரிந்த பூதம் வந்த பிறகுதான் எங்கள் விளையாட்டு சூடு பிடித்தது.

ஒரே வடிவம் தண்டனையாகவும் இருக்கலாம், வரமாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்த விளையாட்டிலேயே ஒரு விசித்திரமான சான்று உண்டு. இடுப்புக்கு மேல் நிலத்தடி இனத்து மனிதனும் கீழே பெருஞ்சிலந்தியுமான டிரைடர் என்ற உருவம், சிலந்தித் தெய்வத்தின் சோதனையில் தோற்றவர்களுக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் முதலில் எழுதப்பட்டது. 2008 இன் நான்காம் பதிப்பில் அதையே சோதனையில் வென்றவர்களுக்குரிய பரிசாக மாற்றினார்கள். 2014 இன் ஐந்தாம் பதிப்பில் திரும்பவும் தண்டனையாக்கினார்கள். இதைப் பிள்ளைகள் வேடிக்கையாகச் சொன்னார்கள். காரைக்காலம்மையார் தன் அழகிய உடலை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெற்றதையும், வற்றிய மார்பும் குழிந்த வயிறும் நீண்ட பல்லுமாக ஒரு பெண்பேயைத் தன் பதிகத்தில் தானே கூசாமல் வரைந்ததையும் நான் சொன்னபோது சிரிப்பு அடங்கிவிட்டது. கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, எலும்பும் தோலுமாகத் தனியே இருப்பவர் யார் என்று அவர்கள் எவருமே அதுவரை கேட்டதில்லையாம்.

இனிப் பெரியவர் பார்த்த படத்துக்கு வருகிறேன். அதன் பெயர் துருசுக்காரன். துருசு என்பது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு. அதை உருவாக்க ஆறு சனிக்கிழமைகள் எடுத்தன.

ஒரு கற்பனை நாட்டில் ஒரு குளம். மழை பிழைத்த ஆண்டு. துருசின் திறப்பை வைத்திருந்த மனிதன், ஊர்க்கூட்டத்தில் எழுதிய முறைப்பட்டியலைப் பகலில் வாசித்துக் காட்டிவிட்டு, இரவில் ஒருவனிடம் காசு வாங்கிக்கொண்டு அவனுடைய வயலுக்கு மட்டும் தண்ணீர் திறந்துவிட்டான். வாய்க்காலின் கடைசியில் இருந்த வயல்கள் குடலைப் பருவத்தில் கருகின. ஒரு கிழவி குடத்தோடு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குளம் வற்றிவிட்டது என்றான். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப வத்தாத வயிறு உனக்கு இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் சாபம்.

அதன் பின் நடந்ததைப் பிள்ளைகள் ஒவ்வோர் அங்கமாகக் கட்டினார்கள். வயிறு வீங்கிக் குளக்கட்டுப் போல முன்னால் தள்ளியது. தோல், ஆவணி மாதத்துக் குளத்துத் தரை. வெடித்து, ஓரங்கள் மேலே சுருண்ட களிமண் தட்டுகள். வெடிப்புகளுக்கு இடையில் மட்டும் நீர் கசிகிறது. முதுகெலும்பு இருந்த இடத்தில் துருசின் திருகுக் கம்பி வளர்ந்து பிடரியைத் துளைத்து வெளியே வந்து, தலைக்கு மேல் ஒரு சில்லாக நிற்கிறது. வாயின் இரு பக்கமும் கெளிற்று மீசை. வாய்க்குள் நாக்கு இல்லை. துருப்பிடித்த இரும்புப் பலகை ஒன்று மேலும் கீழும் போய்வருகிறது. பலகை உயரும்போது சேறும் தாமரைத் தண்டும் நத்தையும் தவளைக்குஞ்சுமாக ஒரு பாய்ச்சல் வரும். எதிரில் நிற்பவர் புளியங்கொட்டையில் பன்னிரண்டுக்குக் குறைய எடுத்தால் அடித்துச் செல்லப்படுவார். விரல்கள் மருத மரத்து வேர்கள். தோளில் இரண்டு கொக்குகள் இருக்கின்றன; அவன் எவ்வளவு உலுப்பினாலும் அவை பறப்பதில்லை. கொக்கை வைத்தவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கொக்குகள்தான் எனக்குப் பயம் தந்தன என்று அவளிடம் சொன்னேன்.

இவ்வளவு தண்ணீரைச் சுமந்தும் அவனுக்குத் தாகம் தீராது. கையில் ஏந்தும் நீர் விரலிடுக்கால் ஓடிவிடும். நீருக்குள் நிற்கும் வரை ஒவ்வொரு சுற்றிலும் பத்து உயிர்ப்புள்ளி திரும்ப வளரும் என்று விதி எழுதினார்கள். ஆகவே வாளால் அவனைத் தீர்க்க முடியாது. மனிதனாக இருந்த காலத்தின் மிச்சம் ஒன்று அவனிடம் உண்டு. இரவில் கட்டின் மேல் குந்தியிருந்து பங்காளர்களின் பெயரையும் அவரவர் ஏக்கரையும் ஒப்புவிப்பான். ஒரே ஒரு பெயர் வரும்போது பலகை விழுந்து வாய் மூடிக்கொள்ளும்.

படத்தில் அவனுடைய வயிறும் வாயும் கோரமாக இருப்பது உண்மை. இனி மூன்றாவது கேள்வி.

மூன்றாம் சனிக்கிழமை, படம் வரையும் பையன் துருசுக்காரனுக்கு ஒரு காலை முழங்காலோடு நிறுத்தி, மறுகாலால் இழுத்து இழுத்து நடக்கிற மாதிரிக் கீறியிருந்தான். பூதம் என்றால் நொண்ட வேண்டும் என்று அவன் பார்த்த படங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. மேசையில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பன் செயற்கைக் கால் போடுகிறவர். அவள் கோபிக்கவில்லை. அழிறப்பரை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு, "அப்பாவுக்கு ஒருத்தரும் சாபம் போடேல்லை" என்றாள். அவன் அழித்தான். தாளில் அந்த இடம் இப்போதும் கொஞ்சம் கருப்பாக இருக்கிறது. பெரியவர் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். அன்று பின்னேரம் ஒரு மட்டையில் அவர்களே எழுதித் தொங்கவிட்ட விதி இது: எங்கள் ஊரில் மனிதருக்கு நடந்த எதுவும் பூதத்தின் உடம்பில் வரக்கூடாது. வெட்டுக் காயம், எரிகாயம், இல்லாத கை, இல்லாத கால், தெரியாத கண் எதுவும் அங்கே இல்லை. துருசுக்காரனின் கோரம் முழுவதும் கூடிப்போனதாலும் மாறிச் சேர்ந்ததாலும் வந்தது. குறைந்துபோனதால் வந்தது ஒன்றும் கிடையாது. சாபம் அவன் செய்த வேலையிலிருந்து முளைத்து அவன் உடலாகியது. உடற்குறையைக் கொடுமைக்கு அடையாளமாக்கும் பழக்கம் அந்த ஆங்கில விளையாட்டிலும் உண்டு, நம் நாட்டுப்புறக் கதைகளிலும் நிறைய உண்டு. அதை அடையாளம் கண்டு விலக்கியவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள்.

நான் அதற்கு முன்பே கண்டிருக்க வேண்டியவள். கவந்தனை எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன்! தலை வயிற்றுக்குள் போய், அங்கே வாயும் பல்லுமாக, காடு முழுவதையும் தன் இரண்டு நீண்ட கைகளுக்குள் வாரிக்கொள்ளும் அந்த அரக்கன் நம் இலக்கியத்தின் மிக விகாரமான உருவம். அவனும் சாபத்தால் உருமாறியவன்தான். இராமனும் இலக்குவனும் ஆளுக்கொரு தோளை வெட்ட, அவன் பழைய வடிவம் பெற்று, சுக்கிரீவனிடம் போகும்படி வழி சொல்லிவிட்டுப் போவான். 2009 இல் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் வகுப்பு எடுத்தபோது அந்தப் படலம் வந்தது. முன் வரிசையில் வலது கை இல்லாத பையன் ஒருவன் இருந்தான். தோள் வெட்டப்படும் பாட்டை வாசிக்காமல், "பிறகு அவன் விடுதலை பெற்றான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்தப் பையன் வெட்டுப்பட்ட இடத்தை ஏன் விட்டேன் என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. அதன் பின் நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பாட்டைத் தாண்டியே சென்றேன். பேசாமல் தாண்டுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். பெரியவரும் அதையேதான் நினைக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அழிறப்பரை நீட்டிய பிள்ளை தாண்டவில்லை. எது வரலாம், எது வரக்கூடாது என்று நின்று பார்த்தாள்.

கண்கள் பற்றி எழுந்த விவாதத்தையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பெரியவர் 'கண் முளைத்த உருண்டைப் பிசாசு' என்று எழுதியிருப்பது அதைப் பற்றியது. நடுவில் ஒரு பெருங்கண்ணும் தலையில் பத்துக் கண்தண்டுகளும் கொண்டு அந்தரத்தில் மிதக்கும் பூதம் ஒன்று 1975 இலிருந்து அந்த விளையாட்டில் இருக்கிறது. ஒரு பையன் அதைக் கீறிக்கொண்டு வந்தான். அவனுடைய தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, அம்மாளாச்சிக்கும் தலையில ஆயிரம் கண் இருந்ததெல்லே?" என்றாள். வன்னியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. நந்திக்கடல் ஓரத்தில் மேய்ச்சல் சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள், பசி என்கிறாள், பொங்கிக் கொடுக்கிறார்கள், விளக்கேற்ற எண்ணெய் இல்லை, கடல்நீரை ஊற்று என்கிறாள், எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார் என்று குனிகிறாள். மயிரை வகிர்ந்தால் தலை முழுவதும் கண்கள். அந்தக் காட்சியைத் தனியே எடுத்து எண்களோடு கொப்பியில் எழுதினால் எந்தப் பூதத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் பார்த்தவர்கள் பேன் எடுக்கப் போன கைகளோடு பார்த்தார்கள். அதனால் இன்றும் வைகாசி விசாகத்தில் கடல்நீரில் விளக்கெரித்துப் பொங்குகிறோம். அந்தப் பையன் தன் கண்பூதத்தைக் கிழிக்கவில்லை. துருசுக்காரனோடு சேர்க்கவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். இந்தப் பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் அந்தப் பத்து நிமிட விவாதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

விளையாட்டின் முடிவைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. விதிநூலின்படி பூதம் வீழ்ந்தால் வென்றவர்களுக்கு அனுபவப் புள்ளியும் பொற்காசும் கிடைக்கும். பூதம் அத்தோடு சரி. நாங்கள் வளர்ந்த முறை அப்படி இல்லை. ஐப்பசியில் சூரன்போர் பார்த்தவர்களுக்குத் தெரியும். இளந்தாரிகள் சூரனைத் தோளில் ஏற்றி உலுப்பி உலுப்பி வீதி முழுக்க ஓட்டுவார்கள். ஆனைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும். தலை மாறும்போதெல்லாம் குழந்தைகள் தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டு ஓர் ஓரத்தால் எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் அவன் மாமரமாகி நின்று பிளந்து, சேவலும் மயிலுமாகிக் கொடியிலும் வாகனத்திலும் போய் அமர்வான். பகைவனை என்ன செய்தார் என்று கேட்டால், ஏறிக்கொண்டார் என்று பதில் சொல்லும் புராணம் நம்முடையது. அதனால் துருசுக்காரன் தோற்ற பின் என்னவாகிறான் என்பதை எழுதாமல் விளையாட்டை முடிக்கக் கூடாது என்று அண்ணாவியாரிடம் சொன்னேன். இரண்டு வாரம் யோசித்து அவர்கள் எழுதிய விதி பின்வருமாறு. எவராவது அவனிடமிருந்து திறப்பை வாங்கி, அவனுடைய தலைச் சில்லைத் திருகி, பட்டியலில் உள்ள பன்னிரண்டு பங்காளருக்கும் கடைசி வயல் வரை போய்ச் சேரும்படி முறைத் தண்ணீர் பகிர்ந்து முடித்தால், வயிறு வற்றும். தோல் உதிரும். சேற்றுக்குள் வேட்டி கட்டிய கிழவன் ஒருவன் இருமிக்கொண்டு எழும்புவான். முதலில் தண்ணீர் கேட்பான். கொடுப்பதா வேண்டாமா என்பதை விளையாடுபவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

என் பக்கத்தில் உள்ள பிழையையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். படத்தை வாசலுக்கு நேரே ஒட்ட விட்டது சரியல்ல. காலையில் முன்பள்ளிக்குப் போகும் குஞ்சு குருமான்கள் அந்த வழியால்தான் போகிறார்கள். ஒரு குழந்தை அழுததாகத் தாய் வந்து சொன்ன அன்றே அதை உள்ளறைச் சுவருக்கு மாற்றியிருக்கிறோம். படத்தின் கீழே பேய் என்று பெரிய எழுத்தில் இருந்ததையும் நீக்கிவிட்டோம். விளையாட்டு மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். ஆனை இறங்கும் நாட்களில் இன்னும் வேளைக்கே பூட்டிவிடுவேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் வரை மேசையில் இடமில்லை என்பதும் முடிவாகிவிட்டது.

இன்னொன்று. தான் பல ஆண்டுகள் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குக் குளத்து நீரைப் பங்கிடும் பொறுப்பில், இருந்ததாகப் பெரியவர் தன் கடிதத்தின் தொடக்கத்தில் குறிப்பிட்டிருந்தார். துருசுக்காரனின் கதை அவரையோ இவ்வூரில் வேறெவரையோ குறித்து எழுந்ததல்ல என்று பிள்ளைகள் சார்பில் உறுதி கூறுகிறேன். அவர் மனம் அதனால் நொந்திருந்தால் வருந்துகிறேன். உண்மையில் அவர்கள் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பங்காளர், நாற்பத்தெட்டு ஏக்கர், ஒரு துருசு, ஐந்து நாள் தண்ணீர் என்று கணக்குப் போட்டு மூன்று முறை விளையாடியும் கடைசி இரண்டு வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. தலை வாய்க்கால்காரர் முதலில் எடுப்பதா, கடைசி வயலிலிருந்து தொடங்கி மேலே வருவதா என்பதில் மேசை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வயலில் இறங்கி அதைச் செய்து பார்த்தவர் எங்கள் மத்தியில் எவருமில்லை. வருகிற சனிக்கிழமை பெரியவர் வாசிகசாலைக்கு வந்தால், புளியங்கொட்டைப் பேணிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருப்போம். முறைப்பட்டியல் எழுதிய கொப்பியும் பென்சிலும் மேசையில் இருக்கும்.

இங்ஙனம்,
வாசிகசாலைப் பொறுப்பாளர்,
ஓய்வுநிலைத் தமிழாசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்.